புரொஸ்டேட் புற்றுநோய்: வன்னியிலிருந்து சிகிச்சைக்குப் போகும் தம்பதியர் எந்த வழியைத் தெரிவுசெய்வது?

"வைத்தியர் இரண்டு வழி சொல்லி, வீட்டில் கதைத்துவிட்டு அடுத்த கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார். நாங்கள் எதற்கு ஓம் சொல்வது?" புரொஸ்டேட் புற்றுநோய் என்று அறிந்துகொண்ட குடும்பங்களிலிருந்து வரும் கேள்விகளில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். அவருடைய மனைவி, அல்லது கனடாவிலோ சுவிஸிலோ இருந்து தொலைபேசியில் பேசும் மகன். நோயாளியோ தலைவாசலில் பேசாமல் இருக்கிறார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. நோய் புரொஸ்டேட்டுக்குள்ளேயே, அதாவது ஆண்களின் சலப்பைக்குக் கீழே உள்ள அந்தச் சுரப்பிக்குள்ளேயே, இருக்கும்போது கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை ஆகிய மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியிருக்கும். நோய் எலும்புகளுக்குப் பரவிய பிறகு தெரிவு வேறு: விதைகளை (விரைகளை) அகற்றுவதா, ஆண் ஓமோனைத் தடுக்கும் ஊசியைக் காலம் தவறாமல் போடுவதா. உங்களுடைய நிலை இவ்விரண்டில் எது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அதைத் தெளிவாகக் கேட்டு அறியாமல் கீழே உள்ள எதையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

## எவற்றை வைத்து அளப்பது

முதலாவது அளவுகோல் நோயின் தன்மையும் ஆளின் வயதும். பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையின் அளவு, திசு எடுத்துப் பார்த்ததில் வந்த கிளீசன் எண், எலும்புப் படங்கள் ஆகிய மூன்றும் கிளினிக் கொப்பியில் இருக்கும். கிளீசன் 6 என்றால் மெதுவாக வளரும் வகை, 7 நடுத்தரம், 8 முதல் 10 வரை வேகமானது. நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோய் முதலியன ஏற்கெனவே இருக்கின்றனவா என்பதும் இதனோடு சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும். வவுனியாவின் விவசாயக் கிராமங்களில் சிறுநீரக நோயாளர் பலர் இருப்பதால் இதை வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது, சிகிச்சை உடலில் எதை எடுத்துக்கொள்கிறது என்பது: சலத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றல், மலம் போகும் ஒழுங்கு, தாம்பத்திய உறவு. மூன்றாவது, எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தருமா என்பது. நான்காவது வழியும் நாட்களும்: எத்தனை தடவை ஏ9 வீதியில் ஏறி இறங்க வேண்டும், எங்கே தங்குவது, அது காலபோக அறுவடைக்குள் வருகிறதா.

ஐந்தாவது அளவுகோலைத்தான் அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு வழியும் மனைவியின் தலையில் என்ன வேலையை வைக்கிறது என்பதே அது. இந்நோயில் மனைவியரின் மனவுளைச்சல் நோயாளியின் உளைச்சலை விடவும் அதிகமாக இருப்பதுண்டு என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வன்னியில் அதற்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. 2009 இல் பிள்ளையை இழந்தோ, காணாமற்போன பிள்ளையைத் தேடிக்கொண்டோ இருக்கும் ஒரு தாய், இப்போது கணவனுடைய நோயையும் வெளியே சொல்லாமல் சுமக்கிறார். தன்னுடைய நீரிழிவுக் கிளினிக்குக்குப் போகாமல் விடுகிறார். அந்தச் செலவு எந்தப் பற்றுச்சீட்டிலும் வராது.

பரிசோதனைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். போரில் பட்ட செல் (எறிகணை) துண்டுகள் உடலில் தங்கியிருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். எம்.ஆர்.ஐ. படம் வலிமையான காந்தத்தைக் கொண்டு எடுக்கப்படுவதால் இரும்புத் துண்டு உடலுக்குள் நகரவோ சூடேறவோ கூடும். பழைய காயம், வலி இல்லை என்று நினைத்து மறைக்காமல், படத்துக்குச் சீட்டு எழுதும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். பலருக்கு எந்த இடத்தில் துண்டு இருக்கிறதென்று அவரை விட மனைவிக்கே நன்றாகத் தெரியும்.

## நோய் சுரப்பிக்குள் இருக்கும்போது

### கண்காணிப்பு

புற்றுநோயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. இது சும்மா இருப்பதன்று. மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பார்ப்பது, குறித்த காலத்தில் மீண்டும் திசு எடுத்துப் பார்ப்பது, எண் ஏறினாலோ வகை மாறினாலோ உடனே சிகிச்சைக்கு மாறுவது என்பதே இதன் ஒழுங்கு. பிரித்தானியாவில் 50 முதல் 69 வயது வரையான ஆண்களை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்தப்பட்ட புரொடெக்ட் என்ற ஆய்வின் பதினைந்து ஆண்டு முடிவு 2023 இல் வெளியானது. கண்காணிப்பிலிருந்தவர்களில் 3.1 வீதமானோரும், சத்திரசிகிச்சைக் குழுவில் 2.2 வீதமானோரும், கதிர்ச் சிகிச்சைக் குழுவில் 2.9 வீதமானோரும் மட்டுமே இந்நோயால் இறந்திருந்தனர். ஆனால் நோய் வேறிடங்களுக்குப் பரவியவர்கள் கண்காணிப்புக் குழுவில் 9.4 வீதம்; மற்ற இரண்டிலும் ஏறத்தாழ அதில் பாதி.

எனவே கிளீசன் 6 உள்ளவருக்கு, சொன்ன தேதியில் இரத்தம் கொடுக்கப் போகும் பழக்கமும் இருந்தால், இது மதிப்பான வழி. தாம்பத்தியமும் சலக் கட்டுப்பாடும் அப்படியே இருக்கும். மறைந்திருக்கும் செலவு மனத்தில்தான்: ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்பு இரண்டு பேருக்கும் நித்திரை போகும். கிளினிக்கைத் தவறவிடும் பழக்கம் உள்ளவருக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் போகாமலிருந்துவிட்டு முதுகு வலியோடு வந்து நிற்பதில் முடியலாம். முதுமையோ வேறு கடும் நோயோ உள்ளவர்களுக்கு, குணப்படுத்தும் நோக்கமின்றி, தொந்தரவு வந்தால் மட்டும் பார்ப்போம் என்று விடுவதும் உண்டு. அது வேறு முடிவு. இரண்டில் எதைச் சொல்கிறார் என்று வைத்தியரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

### சத்திரசிகிச்சை

சுரப்பியை முழுவதுமாக அகற்றிவிடுவது. சிறுநீரியல் சத்திரசிகிச்சை நிபுணர் உள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வன்னியிலிருந்து யாழ்ப்பாணம் அல்லது கொழும்பு. வைத்தியசாலையில் இருக்கும் நாட்கள் குறைவு. அதன் பிறகு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் சலக் குழாயும் பையுமாக வீட்டிலிருக்க வேண்டும். ஆறு வாரங்களுக்குப் பாரம் தூக்கக்கூடாது. மண்வெட்டி, உர மூட்டை, மருந்தடிக்கும் தாங்கி எல்லாமே இதற்குள் அடங்கும்.

இதன் நன்மை, ஒரே தடவையில் முடிந்துவிடுவதும், அகற்றிய சுரப்பியைச் சோதித்து நோயின் உண்மை நிலையை அறிய முடிவதும், பின்னர் தேவைப்பட்டால் கதிர்ச் சிகிச்சை கொடுக்க இடமிருப்பதும். மறைந்த செலவு சலம் சொட்டுவது. புரொடெக்ட் ஆய்வில் சத்திரசிகிச்சை செய்தவர்களில் 46 வீதமானோர் ஆறு மாதத்தில் உறிஞ்சும் துணி வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு ஆண்டில் அது 17 வீதமாகக் குறைந்தது. கிணற்றில் தண்ணீர் அடியில் போய்விட்ட ஆவணி மாதத்தில், கழிப்பறை வளவின் மூலையில் இருக்கும் வீட்டில், ஒவ்வொரு நாளும் அந்தத் துணிகளைத் துவைப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள். கடைகளில் வாங்கும் பம்பர்ஸுக்கு மாதச் செலவு ஒன்று ஒதுக்க வேண்டும். சலத்தை இடையில் நிறுத்துவதற்கு இறுக்கும் தசைகளை இறுக்கி விடும் பயிற்சியைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே தொடங்குவது உதவும். அதைக் கற்றுத்தரும்படி உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் கேட்கலாம்.

விறைப்புத்தன்மை பலருக்கு உடனே போய்விடும். நரம்புகள் காப்பாற்றப்பட்டிருந்தால் திரும்பி வர இரண்டு ஆண்டுகள் வரை ஆகலாம், வராமலும் போகலாம். விந்து வெளியேறுவது நிரந்தரமாக நின்றுவிடும். சில்டெனாஃபில் போன்ற குளிசைகள் சிலருக்குப் பயன்படும். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரேற்றுக் குளிசையோடு அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். வெட்கப்பட்டு மருந்துக் கடையில் இரகசியமாக வாங்குகிறவர்கள் இதை அறியாமலே இருக்கிறார்கள்.

அறுபதுக்கு உட்பட்ட, வேறு நோயில்லாத, வீட்டில் துணைக்கு ஆளுள்ள ஒருவருக்கு இது பொருந்தும்.

### கதிர்ச் சிகிச்சை

வட மாகாணத்தில் இதற்குரிய இடம் தெல்லிப்பழை. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தே சென்று திரட்டிய நிதியில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அங்குள்ளது. இயந்திரத்தின் நிலைமையையும் காத்திருப்போர் வரிசையையும் பொறுத்து கொழும்புக்கு அருகே மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கும் அனுப்பப்படலாம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு தடவை. பழைய முறையில் ஏழு எட்டு வாரங்கள், குறுக்கிய முறையில் இருபது தடவைகளாக நான்கு வாரங்கள். ஒவ்வொரு தடவையும் படுக்கையில் இருப்பது சில நிமிடங்களே. வலி இல்லை. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. அவர் வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தூக்கலாம், மனைவியோடு ஒரே பாயில் படுக்கலாம். பாத்திரம் பிரித்து வைக்கும் வீடுகள் இன்னமும் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிகிச்சைக் காலத்தில் அடிக்கடி சலம் போவதும், எரிவும், வயிற்றோட்டமும், களைப்பும் வரும். சிலருக்கு ஆண்டுகள் கழிந்து மலத்தோடு இரத்தம் போகலாம். விறைப்பு மெதுவாகக் குறையும். ஆனால் கதிரோடு ஆண் ஓமோனைத் தடுக்கும் ஊசியும் சேர்த்த புரொடெக்ட் ஆய்வின் ஆறாவது மாதத்தில், உறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தவர்கள் கண்காணிப்பில் 52 வீதம், கதிர்ச் சிகிச்சையில் 22 வீதம், சத்திரசிகிச்சையில் 12 வீதம். நடுத்தர நோய்க்கு ஆறு மாதங்களும், வேகமான வகைக்குப் பதினெட்டு மாதம் முதல் மூன்று வருடம் வரையும் ஓமோன் ஊசியும் சேரும். கதிர்ச் சிகிச்சை என்று மட்டும் காதில் விழுந்து, ஊசியின் விளைவுகளை எதிர்பாராமல் திகைக்கும் தம்பதியர் அதிகம்.

இந்த வழியின் மிகப் பெரிய மறைந்த செலவு தங்குமிடம். விசுவமடுவிலிருந்து ஒருவர் நாளாந்தம் போய்வர நினைத்தால், பரந்தனுக்கு ஒரு பஸ், யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ், தெல்லிப்பழைக்கு ஒரு பஸ். அதே போலத் திரும்பும் வழியும். கதிர் கொடுப்பதற்கு முன் தண்ணீர் குடித்துச் சலப்பையை நிரப்பி வைத்திருக்கச் சொல்வார்கள். முடிந்து திரும்பும் வழியில் அரை மணிக்கொரு தடவை பஸ்ஸை நிறுத்தச் சொல்ல முடியாது. வார்டில் தங்கினால் அவருக்குப் படுக்கை கிடைக்கும். ஆண்கள் வார்டில் மனைவி இரவு தங்க முடியாது. உறவினர் வீட்டில் இருவரும் தங்கலாம். ஆனால் நோயை ஊருக்குச் சொல்லாமல் வைத்திருந்தவர்களுக்கு அங்கே அது தெரிந்துவிடும். நான்கு வாரங்கள் இன்னொருவர் வீட்டில் இருப்பதில் மனைவிக்கு வரும் கூச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

என் அபிப்பிராயம்: முதல் வாரமும் கடைசி வாரமும் இருவரும் உறவினர் வீட்டிலும், இடையில் அவர் வார்டிலும், அவர் மனைவி ஊரில் வயலையும் மாட்டையும் பார்த்துக்கொண்டும் இருப்பது பல குடும்பங்களுக்குப் பொருந்தும். முதல் வாரத்தில் பழகுவதற்குத் துணை வேண்டும்; பக்கவிளைவுகள் கூடுவது முடிவை நெருங்கும்போது. தேதி குறிக்கும்போதே அறுவடைக் காலத்தைச் சொல்லிக் கேட்டால், நோயின் வேகம் அனுமதிக்கும் இடத்தில், சில வாரங்கள் தள்ளிக் கொடுக்கக்கூடும். கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை.

| அளவுகோல் | கண்காணிப்பு | சத்திரசிகிச்சை | கதிர்ச் சிகிச்சை |
|---|---|---|---|
| யாருக்கு | கிளீசன் 6, கிளினிக் தவறாதவர் | வயது குறைந்த, உடல் வலுவுள்ளவர் | வயது கூடியவர், மயக்க மருந்து தாங்காதவர், வேகமான வகை |
| சலம் | மாற்றமில்லை | சொட்டும். மெதுவாகக் குறையும் | எரிவு, அடிக்கடி போதல் |
| மலம் | மாற்றமில்லை | பெரிதாக இல்லை | வயிற்றோட்டம், பின்னர் இரத்தம் |
| தாம்பத்தியம் | அப்படியே | உடனே பாதிப்பு, ஓரளவு மீளலாம் | மெதுவாகக் குறையும். ஊசி சேர்ந்தால் ஆசையும் போகும் |
| பயணம் | சில மாதங்களுக்கு ஒருமுறை | ஒரு தடவை, பின்னர் கிளினிக் | நான்கு முதல் எட்டு வாரம், வேலை நாள் முழுவதும் |
| மனைவிக்கு | காத்திருக்கும் கவலை | குழாய், துணி, வயல் வேலை | வீட்டைப் பிரிந்திருத்தல் |

## எலும்புக்குப் பரவிய பிறகு

தூர ஊர்களிலிருந்து வருகிறவர்கள் பலர் இந்த நிலையில்தான் வந்து சேர்கிறார்கள். வயலில் குனிந்து நிமிர்ந்ததால் வந்த நாரிப்பிடிப்பு என்று எண்ணெய் பூசிப் பல மாதங்கள் கழிந்திருக்கும். விதைகளிலிருந்து வரும் டெஸ்டொஸ்டிரோன் என்ற ஆண் ஓமோனை நிறுத்தினால் இந்நோய் அடங்கும் என்பதைச் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941 இல் காட்டினார். 1966 இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். இன்றைக்கும் பரவிய நோய்க்குரிய சிகிச்சையின் அடித்தளம் அதுவே. நோய் முற்றாக மாறாது; ஆனால் வலி குறைந்து, ஆண்டுக்கணக்கில் நடமாடி வாழ முடியும். அதற்கு இரண்டு வழிகள்.

இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். "விதையை எடுத்தால் ஆண்மை போய்விடும், ஊசி என்றால் போகாது" என்று நம்பி ஊசியைக் கேட்கும் தம்பதியர் மிக அதிகம். இரண்டும் டெஸ்டொஸ்டிரோனை ஒரே அளவுக்குத்தான் கீழே கொண்டுவருகின்றன. ஆகவே ஆசை குறைவதும், விறைப்பு இல்லாமற்போவதும், உடம்பு திடீரென்று கொதித்து வேர்ப்பதும், தசை குறைந்து வயிறு வைப்பதும், எலும்பு தேய்வதும், சீனி ஏறுவதும், மனம் சோர்ந்து சிறிய விடயத்துக்கும் கண் கலங்குவதும் இரண்டிலும் உண்டு. குரல் மாறாது; மீசையும் உதிராது. அந்தக் கொதிப்பு மனைவிக்குப் புதிதன்று. மாதவிடாய் நின்ற காலத்தில் அவரும் அதை அனுபவித்திருப்பார். இதை அவர் வாய்விட்டுச் சொன்னால் கணவருக்கு வரும் ஆறுதல் எந்தக் குளிசையிலும் வராது.

### விதைகளை அகற்றுதல்

இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்து, ஒரு மணி நேரத்துக்குள் முடியும் சிறிய சத்திரசிகிச்சை. மாவட்ட வைத்தியசாலையிலேயே செய்யக்கூடியது. அநேகமாக அடுத்த ஓரிரு நாளில் வீட்டுக்கு வரலாம். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. டெஸ்டொஸ்டிரோன் சில மணித்தியாலங்களில் விழுந்துவிடும். எலும்பு வலி சில நாட்களிலேயே தணிவதும் உண்டு. அதன் பிறகு தேதி தவறுமோ, மருந்து கிடைக்காதோ என்ற கவலையில்லை. 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஊசியை நம்பியிருந்தவர்கள் பட்ட அந்தரத்தை, இதைச் செய்துகொண்டவர்கள் படவில்லை.

மறைந்த செலவு திரும்ப முடியாமையும், அதைப் பற்றிய எண்ணமும். குளிக்கும்போதும் உடுப்பு மாற்றும்போதும் இழப்பு கண்ணில் படும். உறையை விட்டு உள்ளே உள்ள சதையை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. தோற்றத்தில் மாற்றம் குறைவாக இருக்கும். அதைக் கேட்டுப் பெறலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. இன்னொன்று: நோயாளியிடம் நோயை மறைத்து வைத்திருக்கும் குடும்பம் இந்த வழியை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஒப்பமிட வேண்டியவர் அவர். மனைவியும் பிள்ளைகளும் கூடி முடிவெடுத்து, "சின்ன ஒப்பரேஷன்" என்று கூட்டிப்போய் விட்டால், மயக்கம் தெளிந்த பின் அவர் கேட்கும் முதல் கேள்விக்கு மனைவியே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முத்தையன்கட்டில் வயல் செய்யும் எழுபத்திரண்டு வயதுக்காரர், பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் மனைவி மட்டும், பஸ்ஸுக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கும் மனைவிக்கும் மனம் ஒப்புமானால் இதுவே மேலான வழி என்பது என் முடிவு.

### ஊசி

கோசரெலின், லியூப்ரோரெலின் முதலிய ஊசிகள் மாதம் ஒரு தடவையோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ போடப்படும். கோசரெலினில் 3.6 மில்லிகிராம் இருபத்தெட்டு நாளுக்கு, 10.8 மில்லிகிராம் பன்னிரண்டு வாரத்துக்கு. முன்னையது வருடத்துக்குப் பதின்மூன்று பயணம்; பின்னையது நான்கோ ஐந்தோ. எது கையிருப்பில் இருக்கிறது என்பதைக் கேட்டு, முடிந்தால் நீண்ட கால ஊசியையே பெறுவது பயணத்தைக் குறைக்கும்.

முதல் ஊசி போட்ட ஒன்றிரண்டு வாரங்களில் டெஸ்டொஸ்டிரோன் குறைவதற்கு முன் ஏறும். அந்நேரத்தில் எலும்பு வலி கூடலாம். முள்ளந்தண்டில் நோய் இருப்பவருக்குக் கால் பலம் குறையவும் சலம் அடைபடவும் கூடும். இதைத் தடுக்கவே பைக்கலுட்டமைட் குளிசையை முன்கூட்டியே தொடங்கிச் சில வாரங்கள் தருகிறார்கள். ஊசி போட்டாயிற்று, இனிக் குளிசை எதற்கு என்று நிறுத்திவிடக் கூடாது. டெஸ்டொஸ்டிரோன் தேவையான அளவுக்குக் கீழே வர மூன்று நான்கு வாரங்கள் ஆகும்.

ஊசியின் பெரிய நன்மை நிறுத்த முடிவது. நிறுத்தினால் டெஸ்டொஸ்டிரோன் மெதுவாக ஏறும். வயது கூடியவர்களுக்கு முழுமையாக ஏறாமலும் போகலாம். கதிர்ச் சிகிச்சையோடு குறித்த காலத்துக்கு மட்டும் ஓமோன் தடை தேவைப்படுகிறவருக்கு ஊசிதான் உரிய வழி. சில மாதத் தேவைக்காக விதைகளை அகற்றுவது பொருத்தமில்லை. உடலில் ஒன்றை இழந்தேன் என்ற எண்ணத்தைத் தாங்க முடியாத மனநிலை உள்ளவர்க்கும் இதுவே நல்லது. ஏற்கெனவே போரில் காலையோ கையையோ இழந்த ஒருவர், இன்னுமொன்றா என்று கேட்பதை நாம் எளிதாக எடுக்க முடியாது.

மறைந்த செலவுகள் இங்கே அதிகம். வைத்தியசாலையில் ஊசி இல்லாத மாதத்தில் வெளியே வாங்க நேரும், விலை சிறியதன்று. கோசரெலின் 25 பாகை செல்சியஸுக்கு மேற்படாத இடத்தில் வைக்க வேண்டியது. கொழும்பில் வாங்கி வன்னி வெயிலில் பஸ்ஸில் கொண்டுவருகிறவர், எப்படிக் கொண்டுவருவது என்று மருந்தாளரிடம் கேட்டே வர வேண்டும். தேதியைக் கொப்பியில் பார்த்து நினைவூட்டுவதும், துண்டு எடுக்க விடியற்காலையில் வரிசையில் நிற்பதும் மனைவியின் வேலையாகிவிடும். வருடக்கணக்கில் இது தொடரும். நோய் பரவியவருக்கு ஊசியும் ஆயுள் முழுவதற்கும் என்பதைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருக்க வேண்டும்.

இவ்விரண்டில் எதைத் தெரிவுசெய்தாலும் அபிராடெரோன் குளிசையோ டொசெடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுவதோ கூடச் சேர்க்கப்படலாம். இரண்டும் ஆயுளை நீட்டுபவை. அபிராடெரோன் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியது. கூடவே தரும் பிரெட்னிசலோன் சீனியை ஏற்றும். எலும்புக்காக நாளாந்த நடையும், வைத்தியர் சொன்ன அளவில் கல்சியமும் வைற்றமின் டி யும் இரண்டு வழியிலும் தேவை.

ஊசியில் தொடங்கி, ஒரு வருடம் போய்ப் பார்த்துவிட்டு, அலைச்சல் தாங்கவில்லையென்றால் சத்திரசிகிச்சைக்கு மாறலாம். முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் தம்பதியருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

## வைத்தியரின் அறைக்குள் யார் போவது

மகன் உள்ளே போய்க் கேட்டுவந்து தாய்க்கு ஒரு பகுதியையும் தகப்பனுக்கு ஒரு பகுதியையும் சொல்வது நமது வழக்கம். இதில் வேகம் உண்டு, அழுகை குறையும். ஆனால் சலம், விறைப்பு, படுக்கை பற்றி மகனுக்கு முன்னால் தகப்பன் வாய் திறக்க மாட்டார். வைத்தியரும் அறுபத்தைந்து வயதைப் பார்த்துவிட்டு இது தேவையில்லாத கதை என்று விட்டுவிடுவார். கணவர் தனியே போனால் கேட்டதில் பாதி வீட்டுக்கு வந்து சேராது. இருவரும் சேர்ந்து போவதே மேலானது; மகன் வெளியில் இருந்து பிறகு வரட்டும். கூச்சம் அதிகமென்றால் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்: இந்தச் சிகிச்சைக்குப் பிறகு நாங்கள் சேர்ந்திருக்க முடியுமா, முடியாதென்றால் எவ்வளவு காலம், அதற்கு மருந்து உண்டா. கணவனும் மனைவியும் பேசாமலே ஒதுங்கிப் படுக்கத் தொடங்குவது சிகிச்சையால் வருவதன்று. இந்தக் கேள்வி கேட்கப்படாமல் விடப்பட்டதால் வருவது.

மனச்சோர்வு நீடித்தால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு இருவரும் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். பயணச் செலவுக்கு உதவி உண்டா என்பதைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டும்.

## கொழும்புத் தனியாரா, சென்னையா

வெளிநாட்டுப் பிள்ளைகள் காசைப் பார்க்க வேண்டாம் என்பார்கள். அவர்கள் காண்பது சிகிச்சைக் கட்டணத்தை மட்டும். குழாய் அடைபட்டு இரவு இரண்டு மணிக்கு யார் பார்ப்பது என்பதை அவர்களால் தொலைபேசியில் தீர்க்க முடியாது. இயந்திரக் கரத்தின் உதவியோடு செய்யும் சத்திரசிகிச்சையை நாடிச் சென்னைக்குப் போகிறவர்கள், குழாய் எடுக்கும் வரையாவது அங்கே இருவருக்கும் தங்குமிடம் ஒழுங்குசெய்து, எல்லா அறிக்கைகளையும் கையோடு வாங்கி, இங்கே தொடர்ந்து பார்க்கும் கிளினிக்கையும் முன்பே பேசி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஊசிக்காகவோ விதை அகற்றலுக்காகவோ அவ்வளவு தூரம் போவதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

## காத்திருக்க முடியாத நிலை

மேலே சொன்னவற்றுக்கெல்லாம் யோசிக்க நேரம் இருக்கிறது; சில வாரங்கள் எடுத்துப் பேசுவதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஒன்றைத் தவிர. முதுகில் புதிதாகக் கடும் வலி வந்து, கால்கள் பலமிழந்தாலோ மரத்தாலோ, சலம் போகாமல் அடைத்தாலோ, நோய் முள்ளந்தண்டு நரம்பை அமுக்குகிறது என்று கொள்ள வேண்டும். தாமதமானால் கால்கள் திரும்ப வராமற்போகலாம். அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல், 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து அன்றைக்கே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே விதைகளை உடனே அகற்றச் சொன்னால், அந்த வேளையில் ஊசிக்கும் அதற்கும் இடையில் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். சில மணித்தியாலங்களில் பலன் தருவது அதுதான். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.